துருவைப் பற்றி மட்டும் சொன்னேன்

எங்கள் வீட்டு கேட்டுக்கு இன்று துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் கேள்வி நினைவுக்கு வந்தது. மாரடைப்பு வந்து, வேலூரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நீ திரும்பியிருந்த நேரம். "வாத்தியாரே, கூட ஒரு மாத்திரை குட்த்துக்கிறாங்க. ஆன்டிஆக்ஸிடன்ட்டாம். இது இன்னா பண்ணும்?"

போளூருக்கும் மலைக்கும் ஜீப் ஓட்டியவன் நீ. அதனால் ஜீப்பை வைத்தே சொன்னேன். அடைப்பு நீங்கி ரத்தம் மறுபடி பாயும்போது, அதோடு வரும் ஆக்சிஜனிலிருந்தே சில கெட்ட பொருள்கள் உண்டாகி இதயத் தசையை அரிக்கும். காற்றுப் பட்டு உன் ஜீப் கதவு துருப்பிடிப்பதைப் போல. இந்த மாத்திரை ரெட் ஆக்சைடு மாதிரி, அரிப்பைத் தடுக்கப் பார்க்கும் என்றேன்.

வண்டியைத் தகுதிச் சோதனைக்கு அனுப்பிப் பழகிய நீ தொடையைத் தட்டிச் சிரித்தாய். "அப்போ என்னிய பட்டி பாத்து பெயின்ட் அட்ச்சி எஃப்.சி.க்கு ரெடி பண்ணிட்டாங்கன்னு சொல்லு!"

நானும் சிரித்தேன். அது துணை மருந்துதான், எவ்வளவு உதவும் என்பதே இன்னும் உறுதியாகவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உதாரணத்தின் அழகு கெட்டுவிடும் போலிருந்தது.

சில மாதங்களில், ஜமுனாமரத்தூர் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழவில்லை. துக்கம் கேட்கப் போன என்னிடம் உன் வீட்டுக்காரம்மா நன்றி சொல்வதுபோலச் சொன்னார்: "நீங்க சொன்ன மாத்திரைய ஒரு வேள கூட வுடல சார். மத்தத எட்த்து வெச்சிட்டாரு. ரெண்டு மருந்து உள்ள போனா ஒண்ணோட ஒண்ணு மோதும்னாரு."

வேர்க் கஷாயம் குடிக்கும் நாட்களில் மலை ஜனங்கள் நீங்கள் ஆஸ்பத்திரி மாத்திரையைத் தொடமாட்டீர்கள். எனக்குத் தெரியாததா? அம்மா பச்சிலைச் சாறு கொடுத்துவிட்டார் என்று காய்ச்சல் மாத்திரையைப் பைக்குள்ளேயே வைத்திருந்த பிள்ளைகளுக்குத்தான் நான் மலையில் பாடம் நடத்தினேன். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரைகளை நீயும் அப்படி ஒதுக்கியிருக்கிறாய். அதனால்தான் போனாய் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அவர் நன்றியை ஏற்றுக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

போன வாரம் அவரே மாத்திரைப் பையோடு என் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் மாரடைப்பு வந்து, பிழைத்து வந்திருக்கிறார். "அவுருக்குச் சொன்னாப்லயே எனக்கும் சொல்லுங்க சார்."

உதாரணம் எதுவும் வாயில் வரவில்லை. "எப்படிச் சாப்பிடப் போறீங்க? காட்டுங்கம்மா" என்றேன். ஆன்டிஆக்ஸிடன்ட் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற அட்டைகளைப் பைக்குள் தள்ளினார்.

"எல்லாத்தையும் சாப்பிடணும்மா. அதுங்களோட சேத்துத்தான் இது. அதுங்களுக்குப் பதிலா இல்ல."

அவர் கை நின்றது. "அப்போ அவுரு...?"

"நான்தாம்மா சொல்லாம வுட்டுட்டேன்."

பைக்குள் தள்ளிய அட்டைகளை வெளியே எடுத்தார். பிறகு, "தண்ணி குடுங்க சார்" என்றார். இந்த வேளைக்கு எது எது என்று கேட்டு, ஒவ்வொன்றாக விழுங்கினார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் தலை இன்னும் தானாகக் குனிகிறது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: யாருக்காவது மருந்தைப் பற்றி விளக்கினால், முடித்ததும் "எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.