புகார்ப் பெட்டியில் ஒரு பழுப்பு உறை

மார்ச் 4

மதிப்பிற்குரிய ஊர் மன்றத் தலைவர் அவர்களுக்கு,

நான்காம் தெரு, தையல்கடை மாடியில் குடியிருப்பவள் எழுதிக்கொள்வது. யாரென்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மனைவிதான்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கும் தெருவிளக்கு ஒரு வாரமாக விட்டு விட்டு எரிகிறது. எரிந்தாலும் தூங்கிவிடுவேன், அணைந்தாலும் தூங்கிவிடுவேன். இரண்டும் மாறி மாறி நடந்தால் மனுஷி என்ன செய்வாள்? போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். உங்கள் போனை எடுத்த குமாஸ்தா, "தலைவர் ரவுண்ட்ஸ் போயிருக்காரும்மா. புகார்னா எழுதிப் பெட்டியில போட்டுடுங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சலூனில் முகம் முழுக்கச் சோப்போடு உட்கார்ந்திருந்தபோது யாரோ சாக்கடைக் கதையை ஆரம்பித்தார் என்று நீங்கள் போட்ட சட்டம்தானே இது. வாய்ப்புகார் செல்லாது. எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாக் கடிதங்களும் முழுதாகப் படிக்கப்படும். தலைவர் தன் கைப்படப் பதில் எழுதுவார்.

கல்யாணமான நாளிலிருந்து உங்களிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. இனி வந்துதானே ஆக வேண்டும்?

இப்படிக்கு,
புகார்தாரர்

*

மார்ச் 9

மதிப்பிற்குரிய புகார்தாரருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விளக்கைப் பழுது பார்க்க ஆள் அனுப்பப்பட்டுள்ளது.

இது வரைக்கும் தலைவர் எழுதியது. இனிமேல் நான். உன் கடிதத்தைக் குமாஸ்தா கூட்டத்தில் படித்தார். சலூன் சோப்பு வரைக்கும் ஒரு எழுத்து விடவில்லை. அவர் குரல் உனக்குத் தெரியுமே, தன் வீடு தீப்பற்றிய செய்தியையும் தண்ணீர் வரும் நேரத்தையும் ஒரே மாதிரிதான் படிப்பார். லாரிக்காரர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. டீச்சரம்மா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஏற்பாடு சொல்கிறேன். புகார் என்றால் வெள்ளை உறையில் போடு. வீட்டு விஷயம் என்றால் பழுப்பு உறையில் போடு. காலையில் பெட்டியைத் திறப்பது நான்தான், பழுப்பு உறையை நான் தனியாக எடுத்துக்கொள்கிறேன். நீ வீட்டுக்கு வந்து பேசலாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வந்தால் கூடத்தில் நாலு பேர் இருப்பார்கள், உனக்குக் கோபம் வரும்.

ஊர்ச் செய்தி ஒன்று. நகரசபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நம் ஆறு தெருவையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ள விரும்புகிறார்களாம். நாம் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

டீ வடிகட்டியை எங்கே வைத்திருக்கிறாய்?

அன்புடன்,
நான்

*

மார்ச் 13 (பழுப்பு உறை)

என்னங்க,

டீ வடிகட்டி அடுப்புக்கு மேலே ஆணியில், உங்கள் மூக்குக்கு நேரே தொங்குகிறது. நான் அங்கே இருந்தபோதும் அங்கேதான் தொங்கியது.

விளக்கு சரியாகிவிட்டது, நன்றி. இப்போது நிற்காமல் எரிவதால் தெருவில் யார் போனாலும் தெளிவாகத் தெரிகிறது. விடிவதற்குள் ஒருவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு போகிறார். குப்பைத்தொட்டியை எட்டிப் பார்க்கிறார், மூடியிருக்கும் சாக்கடையைத் திறந்து பார்க்கிறார், மறுபடி மூடுகிறார். மற்ற தெருவுக்கெல்லாம் ஒரு தடவை, நான்காம் தெருவுக்கு மட்டும் இரண்டு தடவை. என் ஜன்னலுக்குக் கீழே செருப்புச் சத்தம் கொஞ்சம் மெதுவாகிறது, அப்புறம் ஓடிவிடுகிறது. மாடிப்படி பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் சாக்கடை இல்லை என்பதால் உங்களுக்குத் தெரியவில்லை போல.

நகரசபை விஷயம் இங்கே தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. மூன்று பக்கமும் நகரம், நாலாவது பக்கம் ரயில் பாதை, நடுவில் நம் ஆறு தெரு. புதிதாக வருகிறவர்களுக்கு நகரம் எங்கே முடிகிறது, நாம் எங்கே தொடங்குகிறோம் என்றே தெரிவதில்லை. ரோடு திடீரென்று ஒடுங்கினால் நம் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து உறுப்பினர், ஒரு குமாஸ்தா, ஒரு குப்பை லாரி, பழைய சைக்கிள் கடையில் ஒரு ஆபீஸ். இதற்கா இத்தனை பாடு என்று கேட்க வருகிறது, கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

நான்

*

மார்ச் 18

அன்புள்ளவளே,

வடிகட்டி கிடைத்தது.

மன்றத்தில் இழுபறி. மருந்துக்கடைக்காரரும் லாரிக்காரரும் நகரத்தோடு சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். நல்ல ரோடு வரும், பெரிய குழாய் வரும் என்கிறார்கள். பொய் இல்லை. டீச்சரம்மாவும் சலூன்காரரும் கூடவே கூடாது என்கிறார்கள். இரண்டுக்கு இரண்டு. பாக்கி நான் ஒருவன். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஓட்டெடுப்பு.

சலூனுக்குப் போனால் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "என்ன தலைவரே, முடிவு பண்ணிட்டீங்களா?" என்கிறார். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டால், "நகரத்துல சேர்ந்துட்டா தலைவலியே இருக்காதே" என்கிறார். யாருக்கும் பிடி கொடுக்காமல் நடந்துகொண்டே இருக்கிறேன். நின்றால் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள்.

சேர்ந்துவிட்டால் மன்றம் கிடையாது, தலைவர் கிடையாது. கூடம் காலியாகிவிடும். நீ சொல், நான் எந்தப் பக்கம் கை தூக்கட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

நான்

*

மார்ச் 20 (பழுப்பு உறை)

என்னங்க,

இது புகார் இல்லை. ஆனால் இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, சொன்னாலும் நீங்கள் முழுதாகக் கேட்க மாட்டீர்கள்.

என்னை ஓட்டில் இழுக்காதீர்கள். எனக்காக ஊரைக் கைகழுவினால் ஆயுசுக்கும் அந்தப் பழி என் தலையில். எனக்காகக் கழுவவில்லை என்றால் அந்த வருத்தம் என் மனதில். இரண்டும் எனக்கு வேண்டாம். ஊருக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள்.

கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள் என்பதற்காக நான் வெளியேறியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மகளும் போனில் அதையே சொல்கிறாள். வருகிறவர்களுக்கு டீ போட்டுப் போட்டு அவர்கள் முகமே எனக்குப் பழகிப்போனது. அதற்காக யாராவது வீட்டை விட்டு வருவார்களா?

அக்டோபரில் ஒரு காலை. நீங்கள் ஒரு கால் செருப்பில், ஒரு கால் வாசலில். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, டாக்டர் ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துத்தான், "நோட் பண்ணிக்கிட்டேன், பார்க்கலாம்" என்றீர்கள். போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ரிசல்ட் வருகிற வரைக்கும் தினமும் உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன். ஒரு நாளாவது கேட்பீர்கள் என்று பார்த்தேன். ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. அழுதேன். அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்துத் துணி வைத்தேன்.

எனக்கு உங்கள் மேல் வெறுப்பு இல்லை. இருந்தால் செருப்புச் சத்தத்துக்கு ஏன் எழுந்திருக்கிறேன்? மன்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் வீட்டுக்கு வந்தால் உங்களால் என் பக்கத்தில் சும்மா உட்கார முடியுமா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நான்

*

மார்ச் 22 (வெள்ளை உறை)

தலைவர் அவர்களுக்கு,

இனி பழுப்பு உறை கிடையாது. எதற்கு? எப்படியும் எல்லாம் கூட்டத்தில் படிக்கப்படும்.

நேற்றுச் சாயங்காலம் தையல்கடை அக்கா மாடியேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டி பயப்படுற மாதிரி இல்லையே?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டத்தில் கடைசி பெஞ்சில் இருந்தாளாம். குமாஸ்தா பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாராம். வெள்ளை, பழுப்பு எல்லாம் ஒன்றுதானே அவருக்கு. என் கட்டியையும், அழுகையையும், செருப்புச் சத்தத்தையும் தண்ணீர் வரும் நேரம் மாதிரி படித்தாராம். முடித்துவிட்டு, "இதுக்கு என்ன நடவடிக்கைன்னு எழுதட்டும்?" என்று கேட்டாராம். லாரிக்காரர், "தலைவர் வீட்டைப் பார்க்கணும்னு தீர்மானம் போடுங்கய்யா" என்றாராம். டீச்சரம்மா வழிமொழிந்தாராம். நாலு கை உயர்ந்ததாம். தலைவர் நடுநிலை வகித்தாராம்!

நடுநிலை. என் விஷயத்தில்.

என் மானம் கப்பலேறியது போகட்டும். பெட்டியைக் காலையில் நான் திறக்கிறேன் என்று எழுதினீர்களே, அதுவும் போகட்டும். அவர் முதல் வரியைப் படித்ததுமே, "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?

இதற்குப் பதில் வேண்டாம்.

நான்காம் தெரு, தையல்கடை மாடி

*

மார்ச் 29

அன்புள்ளவளே,

பதில் வேண்டாம் என்றாய். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்பது சட்டம், அந்தச் சாக்கில் எழுதுகிறேன்.

உன் கடிதம் படிக்கப்பட்ட அந்தச் சனிக்கிழமை காலை வீடு வீடாகப் போய் இணைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பெட்டியை மறந்தேன். அதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

குமாஸ்தா "என்னங்க" என்று ஆரம்பித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்து என்று சொல்லத்தான் கையைத் தூக்கினேன். அப்போது அவர் அக்டோபர் என்று படித்தார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அது தெரியாதே. நீ சொன்னாய் என்கிறாய், நான் கேட்கவில்லை. நிறுத்தினால் மீதியை நீ எனக்கு என்றைக்கும் சொல்ல மாட்டாய் என்று பயமாக இருந்தது. நீ என்ன ஆனாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அத்தனை பேர் நடுவில் உன்னை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பு. ஆனால் நீ சொன்னதைக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

நடுநிலை வகித்தேன் என்பது குமாஸ்தா எழுதிக்கொண்டது. எனக்குக் கை எழவில்லை, அவ்வளவுதான்.

நேற்று ஓட்டெடுப்பு நடந்தது. நான் சேர வேண்டாம் என்று கை தூக்கினேன். மூன்றுக்கு இரண்டு. நகரசபையில் விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்துக்கு நம்பர் கேட்பார்கள். இங்கே தையல்கடை மாடி ஜன்னலுக்கு எதிரே என்றால் போதும், ஏணியோடு ஆள் கிளம்பிவிடுவான். அது போகக் கூடாது என்று தோன்றியது. உன்னைக் கேட்டு முடிவெடுக்கவில்லை, நீ சொன்னபடியே.

ஓட்டு முடிந்ததும் தலைவர் பதவியை விட்டுவிட்டேன். டீச்சரம்மா ஏற்றுக்கொண்டார். வெறும் உறுப்பினராகச் சுவரோரம் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நம் வீட்டுக் கூடத்தில் கிடந்த பெஞ்சுகளை லாரிக்காரர் எடுத்துப் போய்விட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். சும்மா உட்கார முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. இன்று காலை கூடத்தில் உட்கார்ந்தேன். எழுந்து குழாயை மூடினேன், அது மூடித்தான் இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். பழகுகிறேன்.

நான்

*

ஏப்ரல் 3 (வெள்ளை உறை)

மதிப்பிற்குரிய புதிய தலைவர் டீச்சரம்மா அவர்களுக்கு,

நான்காம் தெரு, தையல்கடை மாடியில் குடியிருப்பவள் எழுதிக்கொள்வது. குமாஸ்தா அவர்களே, இதையும் கூட்டத்தில் ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். இந்த முறை தெரிந்தேதான் எழுதுகிறேன்.

என் ஜன்னலுக்கு எதிரே விளக்குக் கம்பத்தின் கீழே தினமும் விடியற்காலையில் ஒருவர் வந்து நிற்கிறார். முன்பெல்லாம் நடந்துபோவார், இப்போது நிற்கிறார். பதவி இல்லை, கையில் வேலையும் இல்லை. குப்பைத்தொட்டியைப் பார்ப்பதில்லை, சாக்கடையைத் திறப்பதில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்கிறார், ஆனால் நிற்கிறார். நேற்று மழை தூறியது, அப்போதும் நின்றார். மாடிப்படியை மட்டும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறார். இதனால் என் தூக்கம் மறுபடி கெடுகிறது. மன்றம் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

என்ன நடவடிக்கை என்று நானே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மன்றத்துக் குப்பை லாரியைக் கழுவி இங்கே அனுப்ப வேண்டும். ஒரு கட்டில், ஒரு மெத்தை, இரண்டு பெட்டி. ஏற்றிக்கொண்டு இரண்டாம் தெருவில் என் வீட்டில் இறக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் அந்த வீட்டுக் கதவு மூடியிருக்கும். மன்ற வேலையாக யாரும் தட்டக் கூடாது என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

உறுப்பினர்கள் கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும் என்று எனக்குத் தெரியும். இதில் அது போதாது. சுவரோரம் மூன்றாவது நாற்காலியில் இருப்பவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஊர் கேட்க என் விஷயம் ஒரு முறை வாசிக்கப்பட்டுவிட்டது, அவர் பதிலும் ஊர் கேட்கவே வரட்டும். கை வேண்டாம், வாயைத் திறந்து "வா" என்று சொல்ல வேண்டும்.

தையல்கடை அக்கா கடைசி பெஞ்சில் இருப்பாள். அவள் வந்து சொன்னால் பெட்டியைக் கட்டுவேன்.

இப்படிக்கு,
புகார்தாரர்