கெர்மியான் சீதனமும் பவானிபூர் வீடும்

என்னைக் காமு மகாராணி என்று கேலி செய்துகொண்டே இருந்த என் ஒரே அண்ணாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. நேற்று பவானிபூர் வீட்டில் உன் ஆப்திகம் நடந்தது. உனக்குப் பிள்ளை இல்லாததால் அன்று கொள்ளி போட்ட என் பிள்ளை சீனுதான் நேற்றும் பிண்டம் வைத்தான். சாஸ்திரிகள் வடையை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காளிகாட் டிராம் இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. முன்பு அதை இழுத்த அத்தனை குதிரைகளையும் என்ன செய்தார்கள் என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய். எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதாதா, ஊர் படிக்கிற பத்திரிகைக்கு எழுத வேண்டுமா என்று என் அகத்துக்காரர் இவர் கேட்டார். கடைசியில் நீ சொன்னதை நாலு பேர் முன்னால்தானே சொன்னாய்? அதற்கு என் பதிலும் நாலு பேர் அறியவே இருக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு உன் பைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கணக்கு ஆபீசில் வேலை பார்க்கிற தஞ்சாவூர்க்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கச்சேரி, சீட்டு, கங்கா ஸ்நானம் என்று எத்தனையோ இருக்கும். உனக்கு கெர்மியான். துருக்கி தேசத்தில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்து மறைந்துபோன ஒரு சின்ன ராஜ்யம். லைப்ரரியிலிருந்து கனமான புத்தகங்களைச் சுமந்து வந்து, நான் உன் வீட்டுக்கு வந்து கறிகாய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து கொண்டு அந்த ராஜாக்களின் கதையைச் சொல்வாய். உன் பெண்டாட்டி, என் மன்னி, அடுப்படியில் இருப்பாள். அவளுக்கும் காது இருந்தது என்பது உனக்கோ எனக்கோ அப்போது தோன்றியதா?

எனக்குக் கதை மனப்பாடம். கெர்மியானை ஆண்ட சுலைமான் ஷாவுக்கு ஒரு பக்கம் பக்கத்து ராஜ்யத்துக் கராமான்காரன் பயம், இன்னொரு பக்கம் நாளுக்கு நாள் வளர்ந்துவரும் உஸ்மானிய வம்சம். வலுத்தவனோடு சம்பந்தம் பண்ணிக்கொள்வதே பிழைக்கிற வழி என்று, தன் பெண் தௌலத் காதூனை உஸ்மானிய இளவரசன் பயஸீதுக்குக் கொடுத்தான். சீதனமாக என்ன கொடுத்தான்? நகையா, குதிரையா? தன் தலைநகரம் குத்தாஹியாவையே கொடுத்தான், இன்னும் சில ஊர்களையும் சேர்த்து. கொடுத்துவிட்டு கூலா என்ற சின்ன ஊருக்குக் குடிபோனான். ‘நம்ம ஊர் சம்பந்திகள் தேவலை காமு, வீட்டோடு நிறுத்திக்கறா’ என்று நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் அவன் பிள்ளை யாகூப். அப்பா கொடுத்த ஊர்களைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தான். சுல்தானாகிவிட்ட பயஸீது படையோடு வந்து ராஜ்யம் முழுவதையும் விழுங்கி, சொந்த மைத்துனனைக் கோட்டையில் அடைத்தான். யாகூப் அங்கிருந்து தப்பி தைமூரிடம் போய்ச் சேர்ந்தான். தைமூர் பயஸீதைத் தோற்கடித்து யாகூபுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகுதான் அவன் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட ஒரு தர்மசாலை கட்டி, அதன் நிபந்தனைகளை ஜனங்களின் சொந்த பாஷையிலேயே கல்லில் வெட்டி வைத்தான். அந்த இடம் வந்தால் உன் குரலே மாறிவிடும். ‘நம்ம கோவில் கல்வெட்டு மாதிரியே’ என்பாய்.

உனக்கு மிகவும் பிடித்தது அவனுடைய முடிவு. பிள்ளையில்லாத கிழவன் யாகூப், தள்ளாத வயசில் அத்தனை தூரம் பிரயாணம் பண்ணி உஸ்மானியர் தலைநகருக்குப் போய், எனக்குப் பிறகு என் ராஜ்யம் உனக்கே என்று அப்போதிருந்த சுல்தானிடம் சொல்லிவிட்டு ஊர் திரும்பி அடுத்த வருஷம் கண்ணை மூடினான். அந்த சுல்தான் யாகூபின் சகோதரி தௌலத்தின் பேரன் என்று ஒரு புத்தகம் சொன்னது, இல்லை என்று இன்னொன்று மறுத்தது. நீ முதல் புத்தகத்தின் கட்சி. அது பாசம் என்றாய். எப்படியும் பிடுங்கிக்கொள்ளப் போகிறவனிடம் தானே கொடுத்துவிட்டால் மானமாவது மிஞ்சும் என்று நினைத்திருப்பான் என்றேன் நான். நமக்குள் இந்த வழக்கு கடைசி வரை தீரவில்லை.

உன் வியாதி முற்றிய அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, திக்கித் திக்கி அதையே உன் வாயால் சொன்னாய். ‘எனக்கப்புறம் இந்த வீடு சீனுவுக்கு. கெர்மியான் ராஜா தங்கை வம்சத்துக்குக் குடுத்த மாதிரி.’ சொன்ன உன் முகத்தில் எத்தனை பெருமை! எனக்கு அழுகை வந்துவிட்டது. கஞ்சி டம்ளரோடு வாசற்படியில் நின்ற மன்னி அதை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

இந்த ஒரு வருஷமாக அந்த வார்த்தை என்ன பாடுபடுத்தியது தெரியுமா? பெஹாலாவில் வாடகை வீட்டுக் கொல்லையில் மழைத்தண்ணீர் நிற்கிறது, ஆப்திகம் ஆனதும் பவானிபூருக்குப் போய்விடுவோம் என்று இவர் முடிவு பண்ணிவிட்டார். கொள்ளி போட்டவனுக்கு வீடு, இதில் பேச என்ன இருக்கிறது என்றார். இந்த ஊர் வழக்கப்படி பௌதி, அதாவது அண்ணி, என்று நான் கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, உங்கள் ஊரில் பெண்டாட்டிக்கு ஒன்றும் கிடையாதா, எங்களில் புருஷன் சொத்து அவளுக்குத்தானே வரும் என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு தௌலத் காதூன் ஞாபகம் வந்தாள். இத்தனை வருஷம் நீயும் நானும் யாகூபையே பேசிக்கொண்டிருந்தோமே, அந்தப் பெண்ணைப் பற்றி எங்கேயாவது ஒரு வரி இருந்ததா? அப்பாவின் ஊர் எனக்கு வேண்டும் என்று அவள் கேட்டாளா? அண்ணாவைத் தன் அகமுடையான் சிறையில் தள்ளினபோது அவள் வாய் திறந்தாளா, திறந்தும் எழுதினவர்கள் விட்டுவிட்டார்களா? உன் கதையில் அவள் இடத்தில் இருக்கிறவள் நான். பயஸீது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இதை இவரும் படிப்பார்.

நேற்று சாஸ்திரிகள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனதும் இவர் கூடத்தில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார். அடுத்த மாசம் சாமான்களைக் கொண்டுவரலாம் என்றார். அப்படியானால் மன்னி என்று நான் கேட்டேன்.

“உன் மன்னிக்கு என்ன? பின்கட்டுல ஒரு ரூம் இருக்கு. ஒரு மூலையில இருந்துட்டுப் போறா.”

இவர் கெட்டவர் இல்லை, அண்ணா. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் பேச்சுக்கு நாலு பேர் எதிரில் நான் மறுபேச்சு பேசியதில்லை. நேற்று பேசினேன்.

“இது மன்னி வீடு. அண்ணா சொன்ன வார்த்தையை நான் மீறறேன். பாவம் வந்தா எனக்கே வரட்டும்.”

சீனு மடி வேஷ்டியை மாற்றிக்கொண்டு, இதையெல்லாம் கேட்டபடியே உள்ளேயிருந்து வந்தான். பிறகு தன் அப்பாவைப் பார்த்து, மாமா தனக்குக் கொடுத்தது நிஜம்தான், தனக்கு என்று ஆகிவிட்டதால் அதைத் தான் மாமிக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். பத்திரம் எழுத வக்கீலிடம் திங்கட்கிழமை போவதாகவும் சொல்லிவிட்டான். இவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசுவார், வேறென்ன செய்வார்?

பிறகு நான் அடுப்படிக்குப் போனேன். மன்னி அரிவாள்மணைக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவளோ, அவர் வார்த்தை கீழே விழக்கூடாது, வீடு சீனுவுக்கே இருக்கட்டும் என்றாள். நான் பிடிவாதம் பிடித்தேன். நீயும் அந்தக் கதையைக் கேட்டவள்தானே, பிடுங்கிக்கொள்ளப் போகிறவனிடம் தானே கொடுத்த யாகூப் கதி உனக்கு வேண்டாம் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“காமு, சீனுவை நான்தானே இடுப்புல வெச்சுண்டு வளர்த்தேன்? அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்.”

ஒரு வருஷமாக அவள் வீட்டுக்காக அழவில்லை, அண்ணா. நீ கேட்காமல் போனதற்காக அழுதிருக்கிறாள். இத்தனை ராஜாக்களின் மனசு தெரிந்த உனக்கு, பக்கத்தில் இருந்தவளின் மனசு ஏன் தெரியாமல் போயிற்று? உன் மேல் எனக்குக் கோபம்தான். கோபத்தோடுதான் நேற்று உனக்கு நமஸ்காரம் பண்ணினேன்.

உனக்கு ஒன்று சத்தியம் பண்ணித் தருகிறேன். திங்கட்கிழமை அந்த வீடு மன்னி பேருக்கு மாறும். அதன் பிறகு அவள் அதைச் சீனுவுக்குக் கொடுத்தாலும் சரி, பௌதி வீட்டுப் பூனைக்கு எழுதி வைத்தாலும் சரி, சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன். யாருக்கு என்று நான் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்லவும் விட மாட்டேன். அவளிடம் கேட்பேன். நீ கேட்க மறந்ததற்கும் சேர்த்து, வாய் நிறைய, மன்னி உன் இஷ்டம் என்ன என்று கேட்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
காமு