உன் முதுகில் வந்த அக்கி

இன்று காலை தம்போயில் எங்கள் வீட்டு வாசலில் சாலைக்குத் தார் ஊற்றினார்கள். அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்த, நான் மட்டும் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். சொரியாசிஸுக்கு நீ பூசும் களிம்பின் வாசனை அது. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது.

பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்தில் என்னைத் தவிர உன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். முழங்கையில் செதில் உதிர்வதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வருவார்கள். "இது ஒன்னும் ஒட்டுவாரொட்டி இல்ல லா, உக்காருங்க!" என்று நான் சத்தம் போடுவேன். நீ என் இடுப்பில் கிள்ளுவாய். "விடுடி. நீ வராத அன்னைக்கு நான் கால நீட்டிக்கிட்டுத் தூங்குறேன்ல."

அவ்வளவு வாய் பேசிய நான்தான் அந்தப் பிழையைச் செய்தேன். ஒரு நாள் உன் முதுகில் இடப்பக்கம் மட்டும் நீர்க்கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பின. அம்மை என்றே நினைத்துவிட்டேன். "அம்மா வந்திருக்காங்கடி. மாத்திரை, ஊசின்னு போனா கோவிச்சுக்குவாங்க," என்றேன். உன் வாசலில் வேப்பிலை கட்டினேன். வீட்டில் மீன் சமைக்க விடவில்லை. உனக்கு மோரும் இளநீரும் கொடுத்தேன். கிளினிக் போகலாமா என்று நீ இரண்டு தடவை கேட்டாய். நான்தான் தடுத்தேன். ஐந்தாம் நாள், துணி பட்டதற்கே நீ அலறியபோதுதான் காரை எடுத்தேன்.

"இது அக்கி," என்றார் டாக்டரம்மா. "சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி சாகாதுங்க. நரம்புல போய்ப் படுத்துக்கும். உடம்பு சோர்ந்தா எழுந்திரிக்கும். இவங்க சொரியாசிஸுக்கு எதிர்ப்புச் சக்திய அடக்குற மாத்திரை வேற சாப்பிடுறாங்க. மூணு நாளைக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கலாமே."

கொப்புளம் ஆறிய தடத்திலேயே பிறகு சொரியாசிஸும் படர்ந்தது. ஒன்று மற்றதை எழுப்பிவிடுவது உண்டு, ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. புண் ஆறியும் வலி உன்னை விடவில்லை. கடைசிவரை வலப்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்தாய். உன்னைக் கொண்டுபோனது மாரடைப்புதான். ஆனாலும் அந்த ஐந்து நாள் என் நெஞ்சை அறுக்கிறது.

அன்று கிளினிக் வாசலில் நான் அழ, அந்த வலியிலும் நீ சிரித்தாய். "சின்ன வயசுல தோட்டத்து வீட்டுல எனக்கு அம்மை போட்டப்ப, வராதேன்னு சொல்லியும் சன்னல் ஏறி வந்து என் பாயில படுத்தவதானே நீ? என்கிட்டேருந்துதான் உனக்கு ஒட்டுச்சு. அன்னைக்கும் நீ ஓடல, இன்னைக்கும் ஓடல. பேசாம காரை எடு லா."

அப்படியென்றால் அது என் நரம்பிலும் எங்கோ படுத்திருக்கிறது. மகள் தடுப்பூசி போடச் சொல்கிறாள், போட்டுக்கொள்வேன். ஒரே ஒரு கொப்புளம் கிளம்பினாலும் அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடுவேன், சத்தியம். ஆனால் ஊசி அந்தக் கிருமியை அழிக்காதாம், தூங்கத்தான் வைக்குமாம். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ கொடுத்தது, இருக்கட்டும்.