பாளையில் கட்டிய துணிப்பை

சுருளிப்பட்டி

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது. இங்கு எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, என் மானம் மட்டும் படுத்துக் கிடக்கிறது. அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்க வேலப்பர் துணை.

போனில் சொன்னால் நீ சிரிப்பாயோ அழுவாயோ, இரண்டையும் கேட்கத் தெம்பில்லாமல் எழுதுகிறேன். லீவில் வந்தபோது கிணற்றடித் தென்னையில் ஏறி ஒரு பாளைக்குத் துணிப்பை கட்டினாயே, எனக்கும் விளக்கினாய், நான் காதைத் தெருச் சண்டையில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன். நீ போன மறுவாரமே காய் வெட்ட வந்த பிச்சைமணி, மேல என்னமோ மூட்டை தொங்குதுண்ணே என்றான். பாளையோடு வெட்டி இறக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. செய்வினைதான் என்று முடிவுகட்டி, வரப்புத் தகராறில் நம்மோடு பேசாதிருக்கும் உன் சுப்புத்தாய் அத்தை பேரைச் சொல்லித் தெருவில் கத்தி, பாளையைக் குரும்பையோடு முச்சந்தியில் உப்பும் மிளகாயும் போட்டுக் கொளுத்திவிட்டேன். இருமல் எனக்குத்தான் வந்தது.

சந்தைக்குப் போய் வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீ சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டவள் அவள். கதிர் நெடுக இருப்பது ஆண் பூவாம், அடியில் உருண்டையாக இருப்பது பெண் பூவாம், நெட்டை மரத்தில் பெண் பூ பக்குவமாவதற்குள் ஆண் பூ கொட்டிவிடுமாம், வேறு பாளையிலிருந்து காற்றோ தேனீயோ மகரந்தம் கொண்டுவர வேண்டுமாம். நெட்டையும் குட்டையும் கலந்த காய் எடுக்க நீ ஆண் பூவை நறுக்கிப் பை கட்டி, குட்டை மரத்து மகரந்தத்தை முகப் பவுடரில் கலந்து தூவினாயாம். இத்தனை வருசத் தென்னை விவசாயி நான், கொட்டிய பூவைக் கூட்டித் தள்ளியதோடு சரி.

அதற்குள் பேச்சு தேவாரம் ஊரில் அபிதாவைப் பெண் கேட்டவர்கள் வீடுவரை போய்விட்டது. சுப்புத்தாய் நம் வாசலுக்கே வந்தாள். ஏண்ணே, அபிதாவப் பொண்ணு கேட்டவுக யோசிச்சுச் சொல்றோம்னுட்டாக, பொடி வைக்கிறவ மகள எவன் கட்டுவான், எம்பேரக் கெடுத்த வாயாலயே அங்கன போய்ச் சொல்லுங்க என்றாள். அவள் அழாததுதான் எனக்குத் தாங்கவில்லை. நேற்றுப் போனேன். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நின்றபடியே ஆண் பூ, பெண் பூ எல்லாம் ஒப்பித்து, மடையன் நான்தான் என்றேன். மாப்பிள்ளையின் தாயார் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுச் சம்மதம் சொல்லி அனுப்பினார்.

இன்று காலை சுப்புத்தாய் நிச்சயத்துக்கு அழைக்க வந்தாள். அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்து, மதினி, நீங்க மட்டும் வாங்க என்றாள். நான் உரித்துக்கொண்டிருந்த தேங்காயை விட்டுத் தலை நிமிரவில்லை.

உன் காயை எரித்ததற்கு என்னைத் திட்டி எழுது. அபிதாவுக்கு மறக்காமல் போன் போடு, என் பேரை எடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, குறையில்லாமல் நீடூழி இரு தாயி.

இப்படிக்கு,
நிச்சயத்தன்று வீட்டுக் காவலுக்கு இருக்கப்போகும் உன் அப்பா,
கர்ணன்