தள்ளி வைத்த வெள்ளிக்கிழமை

அக்கரப்பத்தனை, மேல்பிரிவு லயம்.
புதன்கிழமை, பௌர்ணமிப் போயா லீவு.

அன்பு மகள் ஷாமிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, மூன்று கோழி எல்லாரும் முருகன் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் பினாங்கில் நன்றாகத்தான் இருப்பாய். உன் மாமா மகன் தேனுஜன் அவன் போனில் உன் படத்தைக் காட்டினான், கன்னம் இரண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி உப்பியிருந்தது, அதனால் சாப்பிட்டாயா என்று இந்த முறை கேட்கவில்லை. போனில் பேசாமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை குறுக்கே பேசுவாய், தாளில் நீ குறுக்கே வர முடியாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. நடுவில் கோபம் வரும், அப்போதும் நிறுத்தாதே.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கிவிடலாம் என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள், ஐம்பது வருடம் கூட இருந்த பல்லை எப்படிப் பிரிவது என்று கராம்பை அடக்கிக்கொண்டு பக்டரிக்குப் போய் வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்தால் கல்யாண வீட்டுப் புரியாணி வாசம். கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, அதுவும் அப்பாவும்தான் இப்போது வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறவர்கள். என்னோடு முகத்தைத் தூக்கி வைத்திருந்த இன்னொரு ஆள் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற பிரேமினி, அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும்.

நீயும் உன் கூட்டாளிகளும் மலையகத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு போட்டி வைத்தீர்களே, போனுக்குள் ஓடுகிற ஆப் செய்கிற போட்டி. போன வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணியோடு சரி என்று சொல்லிவிட்டு, ஐந்தரைக்கு இன்னும் ஒரு வாரம் தருகிறோம் என்று போட்டீர்கள். நீ அங்கே ஒரு பட்டனை அமத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பாய். அந்த ஒரு வாரம் இங்கே சுவரோடு சுவர் ஒட்டின ஒரு லயத்தையே இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறது. ஜெயிக்கிற ஆளுக்குக் கொழும்பில் ஆறு மாதம் வேலை பழக இடம் என்று சொல்லியிருக்கிறாய், பிரேமினியின் மகள் நிலக்ஷி அந்த இடத்துக்காகத்தான் இரண்டு மாதமாகத் தூங்காத கோழி மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செய்தது என்னவென்று உனக்குத் தெரியும், எந்த மலையில் எந்த இடத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்று காட்டுகிற ஆப். போன வருடம் பிரேமினியைப் பதினெட்டுக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோமே, அதிலிருந்து வந்த யோசனை. வெள்ளிக்கிழமை லயத்தில் சிக்னல் இல்லாமல் தண்ணீர் டாங்கி இருக்கிற மேட்டுக்கு மழையில் ஏறி, ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டு இறங்கி வந்தாள். காலில் ஏழு அட்டை. வாசலில் உட்கார்ந்து உப்புப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள், நாலாவது அட்டையில் உன் மாமா மகன் வந்து சேர்ந்தான்.

தேனுஜன் டவுனில் போன் கடையில் வேலை செய்கிற பிள்ளை, நாள் முழுக்கப் போனோடுதான் இருக்கிறான், ஆனால் போட்டிக்கு என்று ஒரு எழுத்துக்கூடத் தட்டியிருக்கவில்லை. ஆறு மணி பஸ்ஸில் ஒரு பை நிறையப் பணிசோடு இறங்கி, தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள் அத்தை என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தான். சந்தோஷத்தில் நிலக்ஷிக்கும் ஒரு பணிஸ் கொடுத்தான். அவள் வாங்கி நாய்க்குப் போட்டாள். நாய் தின்றது, அதற்குப் போட்டியைப் பற்றித் தெரியாது.

அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. ஷாமிலா முறைமாப்பிள்ளைக்காகத் தேதியைத் தள்ளி வைத்துவிட்டாள், சித்திரையில் வந்து தாலி கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் பெண்கள் எனக்கு முன்னாலேயே பேசுகிறார்கள். அப்படியென்றால் சீக்கிரம் சொல்லு, பலகாரத்துக்கு மா இடிக்க வேண்டும். கோபப்படாதே, சும்மா சொன்னேன். அவன் இப்போது என்ன செய்கிறான் தெரியுமா, பஸ் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஆப் செய்திருக்கிறான். நான் மூன்று தடவை அமத்திப் பார்த்தேன், மூன்று தடவையும் வரும் என்று சொன்னது, ஒரு தடவைகூட வரவில்லை. அதோடு விட்டானா, முன்பே கொடுத்தவர்களுடையதை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறீர்களாமே, அதைப் பார்த்து பஸ் போகிற ரோட்டில் குளவிக்கூட்டையும் சேர்த்துவிட்டான். பஸ்ஸுக்குள் குளவி எதற்கடா என்று கேட்டேன். குளவி எல்லாருக்கும் பொதுதானே அத்தை என்கிறான்.

பிரேமினி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து நிரையில்தான் கொழுந்து பறிக்கிறாள், ஆனால் சொல்ல வேண்டியதை எல்லாம் தேயிலைச் செடியிடம் சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்களை எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செடியிடம் சொன்னாள். அந்தச் செடி வாடாமல் இருந்ததே பெரிய காரியம். நானும் விடவில்லை, ஒரு வாரம் கூடக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம், முதலில் கொடுத்தவள் முதலில் கொடுத்தவள்தானே என்று என் பக்கத்துச் செடியிடம் சொன்னேன். சனி, திங்கள் இரண்டு நாளும் இப்படியே நாலு பேர் பேசினோம், இரண்டு பேர் செடி.

நேற்றுச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குச் சூடு விழுந்தது. பின்னேரம் நாலரை மணிக்கு கொழுந்து மடுவத்தில் நிறுவை. நானும் பிரேமினியும் மேல் மலையிலிருந்து ஓடி வந்து நேரத்துக்கு நிறுத்துச் சாக்கைக் கட்டிவிட்டோம், எனக்கு அன்றைய கணக்குக்கு ஒரு கிலோ குறைவு, அவளுக்கு ஒன்றரை. சரி, தலையெழுத்து என்று இடுப்பில் கட்டின படங்கை அவிழ்க்கிறேன், கீழ் மலை ஆட்களைக் காணோம். லொறியும் வரவில்லை. கணக்கப்பிள்ளை ஐயா மணியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், லொறி வரும் வரைக்கும் கீழ் மலைக்காரர்கள் பறிக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கீழ் மலையில்தான் அவருடைய வீட்டுக்காரம்மா பறிக்கிறார், அந்த அம்மாவுக்குக் கணக்குக் குறைந்தால் ஐயாவுக்கு ராச்சோறு குறையும், அது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. எங்களுக்கும் கிலோ குறைகிறதே, நாங்களும் போய்ப் பறிக்கிறோம் என்று கேட்டேன். நிறுத்துக் கட்டின சாக்கை அவிழ்க்க முடியாது, நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்றார். எனக்கு வந்ததே கோபம். நேரத்துக்கு வந்தது குற்றமா, பிந்தி வந்தவர்களுக்கு ஒரு நேரம் எங்களுக்கு ஒரு நேரமா, ஒரே மலையில் இரண்டு கடிகாரமா என்று நான் போட்ட சத்தத்துக்குப் பக்டரியில் இருந்த அப்பா கராம்பை விழுங்கிவிட்டாராம்.

நான் கத்தி முடித்ததும் பிரேமினி என் பக்கம் திரும்பினாள். செடியிடம் இல்லை, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "இப்பத் தெரியுதா நாகக்கா, எம் மக ஏன் மூணு நாளா ஒழுங்கா சோறு திங்கலன்னு."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் வாய் அடைத்தது அதுதான் முதல் தடவை என்று கணக்கப்பிள்ளை ஐயாவே பயந்துவிட்டார் போல, சரி சரி எல்லாரும் போய்ப் பறியுங்கள், கட்டின சாக்கையும் அவிழ்த்துச் சேர்த்து நிறுக்கிறேன் என்றார். நாங்கள் இருவரும் படங்கைத் திரும்பக் கட்டிக்கொண்டு கிட்ட இருந்த மலையில் ஒன்றாக ஏறினோம். பறித்துக்கொண்டே அவள் எல்லாம் சொன்னாள். நிலக்ஷிக்குத் தேதியைத் தள்ளி வைத்தது கோபம் இல்லையாம். நல்லதண்ணிப் பக்கம் ஆர்த்திகா என்று ஒரு பிள்ளையும் போட்டியில் இருக்கிறாளாம், அங்கே உண்மையாகவே ரோட்டில் மண் சரிந்து மூன்று நாள் பஸ் ஓடவில்லை, அந்தப் பிள்ளைக்கு நேரம் கொடுக்கத்தான் வேண்டும் என்று நிலக்ஷியே சொல்கிறாளாம். அவள் வயிறெரிவது வேறு. சனிக்கிழமை பார்க்கும்போது அவளுடையதில் ஒரு பிழை, ஏழாம் நம்பர் மலையில் இருக்கிற கூட்டை நாலாம் நம்பரில் காட்டுகிறதாம். திருத்தி அனுப்புகிறேன் என்று கேட்டதற்கு, ஏற்கெனவே கொடுத்தவர்கள் மாற்ற முடியாது என்று உங்கள் ஆட்கள் பதில் போட்டிருக்கிறார்கள். தேனுஜன் ஒரு வாரம் உட்கார்ந்து அவளுடையதைப் பார்த்துச் செய்யலாம், அவள் தன்னுடையதைத் தொட முடியாது. இனிமேல் என்ன இருக்கிறது, பேரையே எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

இப்போதுதான் நீ கோபப்படப் போகிற இடம். தேதி கேட்டு உனக்கு நான் போன வியாழக்கிழமை கொய்யா மரத்தடியில் நின்று போன் பண்ணினேனே, நாலு நாளாகக் கரண்டு இல்லை, மலை இடிந்து ரோட்டை மூடிவிட்டது, பிள்ளைகள் எல்லாம் அழுகிறார்கள் என்று. கரண்டு போனது அந்த வாரம் திங்கட்கிழமை அரை நாள். இடிந்தது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைமடுவத்துக் கக்கூசுக்குப் பின்னால் இரண்டு கூடை மண். அழுதது தேனுஜன் ஒருத்தன், அதுவும் கிரிக்கெட்டில் தோற்றதற்கு. உன் மாமா சிவசாமி வந்து, அக்கா நீ ஒரு வார்த்தை சொன்னால் ஷாமிலா கேட்பாள், பையன் போன் கடையிலேயே கிடந்து போய்விடுவான் என்று கெஞ்சினான். தம்பி முகத்தைப் பார்த்தேன், வாயில் வந்ததைச் சொன்னேன். அம்மா சொன்னால் உண்மை என்று நீயும் உன் கூட்டாளிகளிடம் சொல்லியிருப்பாய். அதை நினைத்தால்தான் எனக்கு நேற்றுப் பறித்த கொழுந்தை விடக் கனமாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் மடுவத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கொடுத்த வாரத்தைத் திரும்பப் பிடுங்காதே, ஆர்த்திகா பாவம். போன வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தவர்களுடைய சாக்கையும் அவிழ்த்துவிடு, திருத்துகிறவர்கள் திருத்தட்டும். மற்றவர்கள் பார்க்கும்படி விரித்து வைத்திருப்பதை மூடி வை. தேனுஜனின் குளவியை என்ன செய்வது என்று உன் கூட்டாளிகள் முடிவு செய்யட்டும், நீ அந்தப் பேச்சில் உட்காராதே, மாமா மகன். நானும் அவனிடம் சொல்லிவிட்டேன், உன் குளவியை நீயே எடு, இல்லாவிட்டால் அத்தை கொட்டுவாள் என்று. ஏன் தேதி தள்ளிப் போனது என்று கேட்டால் என் பேரையே போடு, நாகலெட்சுமி பொய் சொன்னாள் என்று எழுது. பினாங்கில் என்னை யாருக்கும் தெரியாது, இங்கே எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்.

தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர் நூடுல்சையே மூன்று வேளையும் தின்னாதே. அப்பா பல்லோடு சேர்த்து உன்னையும் விசாரித்தார். கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன், என் பேருக்கும் இந்த முறை ஒன்று சேர்த்துச் செய்தேன், தேவைப்பட்டது. நீ நோய் நொடி இல்லாமல், நேர்மையான பிள்ளை என்று பேரெடுத்து நன்றாக இரு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது, மறந்துவிடாதே.

தபாலில் போட்டால் இது உனக்கு அடுத்த மாதம்தான் வரும். அதனால் படம் பிடித்து அனுப்பச் சொல்லி நிலக்ஷி கையில் கொடுக்கப் போகிறேன். ஆமாம், அவள் படிப்பாள். தெரிந்துதான் கொடுக்கிறேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உன் பொய்க்கார அம்மா,
சி. நாகலெட்சுமி

பின்குறிப்பு: கொடுத்தேன். ஐந்து தாளையும் நின்றபடியே படித்தாள். எழுத்துப் பிழை மட்டும் மூன்று காட்டினாள். பிறகு, லயத்தில் சிக்னல் இல்லை, டாங்கிக்கு ஏற வேண்டும், நீங்களும் வாங்க அத்தை என்றாள். மழையாக இருக்கிறதே, அட்டை கடிக்குமே என்றேன். "ஏழுதான் அத்தை" என்றாள். உப்பை மடியில் கட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.