கணுக்காலில் சுற்றிய டேப்

ஜூலை 12, சனி. மவுண்ட் வெல்லிங்டன்.

திருநங்கைகள் இனிப் பெண்கள் கால்பந்து லீக்கில் ஆட முடியாது என்று விதி வந்து பத்து நாள். இன்று ஆட்டத்துக்கு முன் ஷாலினி தன் ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அணியின் பிசியோ நான். மூன்று வருடங்களாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அவளுடைய இடது கணுக்காலுக்கு டேப் சுற்றுவேன். வந்தவள் பழக்கத்தில் என் மேசையில் ஏறி, சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினாள். நானும் பழக்கத்தில் சுற்றத் தொடங்கிவிட்டேன். மூன்றாவது சுற்றில்தான் என் கை நின்றது.

"முடியுங்கோ அக்கா," என்றாள். "பாதியில விடாதேங்கோ."

சுற்றி முடித்தேன்.

இந்த விதி பற்றிப் போன மாதம் நடந்த கூட்டத்தில் என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். அவளோடு மோதி விழும் பெண்களுக்கும் நான்தான் மருந்து போடுகிறேன். எது நியாயம் என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். "எனக்குக் கணுக்கால் மட்டும்தான் தெரியும்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

தொண்ணூறு நிமிடமும் அவள் மைதானக் கோட்டுக்கு வெளியே மழையில் நின்று எங்களுக்காகக் கத்தினாள். தோற்றோம். டேப்பை வெட்டி எடுப்பதும் என் வேலைதான். கத்தரிக்கோலோடு காத்திருந்தேன். வீட்டுக்கு, ஏவன்டேலுக்கு, ரயிலேறிவிட்டாள் என்று கோல்கீப்பர் சொன்னாள்.

நனைந்த டேப்பைக் கையால் இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். அதைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை.