கடைசியாக வெளியே வந்தவர்

அப்பா,

நேற்று மகனின் பள்ளிக்கூடத்தில் சிரமதானம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வாசிப்பறை கட்டப்போகிறார்கள். அத்திவாரம் வெட்டப் பெற்றோர் வரவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். தகப்பன்மார் மண்வெட்டியும் அலவாங்குமாக வந்தார்கள். பெண்கள் நாங்கள் அவர்கள் வெட்டிய மண்ணைக் கடகப் பெட்டியில் அள்ளிக் கொண்டுபோய் மதிலோரம் கொட்டினோம். சிவப்பு மண் முழங்காலளவு ஆழத்துக்கு வெட்டுப்பட்டதும் உள்ளேயிருந்து அந்தக் குளிர்ந்த மணம் வந்தது. வெயில் படாத மண்ணுக்கென்று உள்ள மணம். நான் கடகத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே றோட்டுக்கு வந்து நின்றேன்.

"என்ன, தலை சுத்துதோ?" என்று கூட வேலைசெய்த ஒரு தாய் பின்னால் வந்து கேட்டார்.

"ஓம் அக்கா, வெயில்" என்று பொய் சொன்னேன்.

அந்த மணம் வந்தால் நீங்கள் வருவீர்கள். நீங்கள் வரும்போது எனக்கு முதலில் வருவது பாசமில்லை, வெட்கம். நீங்கள் கண்மூடி இத்தனை காலமான பிறகும் அப்படித்தான். யாருக்கும் சொல்லாத அதை உங்களுக்கே எழுதிவிடலாம் என்று இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அப்போது ஆண்டு நான்கில் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த காலம். மின்சாரம் இல்லை. சீமெந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வருவதில்லை. கீரிமலைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகளும் வந்து சேர்ந்ததால் எங்கள் சின்னப் பள்ளிக்கூடம் நிரம்பி, வேப்பமரத்தடியிலும் வகுப்பு நடந்தது. நீங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையின் மனேச்சர். பெற்றோர் சங்கத்தின் தலைவரும் நீங்கள்தான். பள்ளி அதிபரை ஊரே 'பெரிய ரீச்சர்' என்று அழைக்கும். அவர் ஒரு குறையைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் சைக்கிளில் ஏறிவிடுவீர்கள். கிணறு இறைத்தது, ஓடு மாற்றியது, வந்த பிள்ளைகளுக்கு ஊரெல்லாம் திரிந்து இருக்கப் பழைய வாங்குகள் சேர்த்தது எல்லாம் நீங்கள். "பரிசளிப்பு விழாவிலை முன் கதிரையிலை இருக்கிறதுக்கே பெற்றோர் சங்கம்?" என்று அம்மாவிடம் சொல்வீர்கள்.

பக்கத்து ஊரில் பொம்மர் விமானம் குண்டு போட்ட பிறகு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பதுங்குகுழி வேண்டும் என்று எழுந்தவரும் நீங்கள்தான். எங்கள் காணியிலேயே பனை தறித்தீர்கள். கொஞ்சம் வெட்டியதும் கீழே கல் தட்டியது. அதற்குமேல் ஆழம் போகாது என்று தெரிந்ததும், பழைய சாக்குகளிலும் சேலைத் துணியில் தைத்த பைகளிலும் மண் நிரப்பிச் சுவர் எழுப்பி, மேலே பனங்குற்றி அடுக்கினீர்கள். குழிக்குள் என்னை இறக்கி நிறுத்தி, என் தலைக்கு மேல் ஒரு சாண் வைத்து உயரம் குறித்தீர்கள்.

"பெரியாக்கள் குனிஞ்சுதான் உள்ளிடவேணும் போலை" என்றார் மில்காரர். ஊர் அரிசி மில் அவருடையது. அவருடைய மகன் என் வகுப்பு.

"இது பெரியாக்களுக்கில்லை. பிள்ளையளுக்கு" என்றீர்கள் நீங்கள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பெரிய ரீச்சர் எங்களுக்குப் பயிற்சி தந்தார். மணி இடைவிடாமல் அடித்தால் கொப்பியைப் போட்டுவிட்டு எழும்ப வேண்டும். முன்னால் நிற்பவரின் தோளைப் பிடிக்க வேண்டும். ஓடக்கூடாது. சின்ன வகுப்பு முதலில், பெரிய வகுப்பு பிறகு. நாங்கள் அதை ஒரு விளையாட்டுப்போலப் பழகினோம்.

அந்தக் காலையில் பெற்றோர் கூட்டம். நாங்கள் வகுப்பில் இருந்தோம். நீங்கள் எல்லோரும் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் கதிரை போட்டு இருந்தீர்கள். பொம்மரின் சத்தம் திடீரென்று வந்தது. மணி அடித்தது. நாங்கள் எழும்பினோம், தோளைப் பிடித்தோம், பாலர் வகுப்புப் பிள்ளைகளை முன்னால் விட்டு வரிசையாக வெளியே வந்தோம். பழகியபடி ஒருவரும் ஓடவில்லை.

பதுங்குகுழி வாசலில் வரிசை நின்றுவிட்டது. உள்ளே இடமில்லை. வேட்டிகளும் சேலைகளுமாக வாசல்வரை ஆட்கள் நெருங்கிக் குந்தியிருந்தார்கள். முன்னால் நின்ற பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்று திரும்பி, "ரீச்சர், உள்ளுக்கை ஆக்கள் நிக்கினம்" என்று சொன்னது. முறைப்பாடு சொல்லும் குரல்கூட இல்லை அது. இனி என்ன செய்வது என்று கேட்கும் குரல்.

"படுங்கோ! எல்லாரும் நிலத்திலை படுங்கோ!" என்று பெரிய ரீச்சர் கத்திக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பிள்ளைகளை அணைத்துப்பிடித்தபடி விழுந்தார். நான் முகத்தை மண்ணில் புதைத்தேன். குண்டு தள்ளிப் போய் ஒரு வெங்காயத் தோட்டத்தில் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

நாங்கள் எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் பெரியவர்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். அந்தப் பதுங்குகுழிக்கு ஒரு வாசல்தான். கடைசியாக நுழைந்தவர் முதலில் வரவேண்டும், முதலில் நுழைந்தவர் கடைசியாக. ஒவ்வொருவராகக் குனிந்து வந்து, எங்களைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு தங்கள் பிள்ளையைத் தேடினார்கள். எல்லோரும் வந்தபிறகும் நான் உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியாக நீங்கள் வந்தீர்கள். வேட்டி முழுக்கச் செம்மண். பள்ளிக்கூடம் முழுவதும் வரிசை கலையாமல் நின்று உங்களைப் பார்த்தது.

அன்றைக்கு என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். இரவு சாப்பிடவில்லை.

ஊர் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கதைக்க யாருக்கும் முகம் இருக்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் மறைந்தே போயிருக்கும் என்று நான் வெகுகாலம் நம்பினேன். ஆனால் நீங்கள் விடவில்லை.

அடுத்த கூட்டம் பள்ளி விட்ட பிறகு மண்டபத்தில் நடந்தது. உங்களோடு வீட்டுக்குப் போவதற்காக நான் விறாந்தையில் காத்திருந்தேன். பரிசளிப்பு விழாவைப்பற்றிப் பெரிய ரீச்சர் தொடங்கியதும் நீங்கள் எழும்பினீர்கள்.

"அதுக்கு முதல் ஒண்டு கதைக்கவேணும்."

"அந்தக் கதையை விடுங்கோ மனேச்சர்" என்றார் மில்காரர். "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"நடந்தது. பிள்ளையளின்ரை பங்கருக்கை நாங்கள் இருந்தனாங்கள். பிள்ளையள் வெளியிலை நிண்டதுகள். முதல் உள்ளிட்டது நான். என்ரை பிள்ளை எங்கை எண்டுகூட நான் திரும்பிப் பாக்கேல்லை."

மண்டபத்தில் ஒரு தாய் அழத் தொடங்கினார். மில்காரர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"நீர் ஓடினனீர் எண்டால் அதை உம்மோடை வைச்சுக்கொள்ளும். எங்களை ஏன் உதுக்குள்ளை இழுக்கிறீர்?"

நீங்கள் அவர் பக்கம் திரும்பினீர்கள். அவரும் உங்களுக்குப் பக்கத்தில்தான் குந்தியிருந்தார் என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"சரி. அப்ப நான் ஓடினனான் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் இனிப் பள்ளி நடக்கிற நேரத்திலை கூட்டம் வைக்கக்கூடாது. பெரியாக்களுக்கு வேறை பங்கர் வெட்டவேணும்."

அவ்வளவுதான். ஊருக்கு அது போதுமாக இருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பங்கை உங்கள் தலையில் இறக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். 'பங்கர் மனேச்சர்' என்ற பெயர் அந்தக் கிழமையே வந்துவிட்டது. சங்கக்கடை வரிசையில் யாராவது, "மனேச்சர், சத்தம் கேக்குது" என்று சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் தராசைப் பார்த்தபடி சீனி நிறுப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் மில்காரரின் மகன் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தான். ஒருவன் 'பொம்மர்!' என்று கத்துவான். இன்னொருவன் மற்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் ஓடுவான். ஓடுபவனுக்குப் பெயர் மனேச்சர்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "நீங்கள் இனி என்ரை பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அம்மா அடிக்கக் கை ஓங்கினார். நீங்கள் தடுத்தீர்கள்.

"விடும். பிள்ளை சொல்லுறதிலை பிழையில்லை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "சரி பிள்ளை, நான் உள்ளுக்கு வரேல்லை" என்றீர்கள்.

சொன்னபடியே செய்தீர்கள். காலையில் பள்ளிக்கூடப் படலையடியில் இறக்கிவிட்டுப் போனீர்கள். பின்னேரம் எதிர்ப்பக்கத்து வேலியோரம் சைக்கிளோடு நின்றீர்கள். பெரியவர்களுக்கான பதுங்குகுழியை, பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பொழுதுபடும்வரை வெட்டினீர்கள். முதல் நாட்களில் தனியே. பிறகு ஒருவர் இருவராகத் தகப்பன்மார் வந்து, உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காமல், மண்வெட்டியை எடுத்தார்களாம். மில்காரரும் ஒருநாள் வந்து பனங்குற்றிக்குத் தோள் கொடுத்ததாக அம்மா சொன்னார். நான் பார்க்கப் போகவில்லை.

பிறகு ஒருநாள், பள்ளி விடும் நேரத்தில் பொம்மர் மறுபடி வந்தது. நாங்கள் வரிசையாக வந்தபோது பதுங்குகுழி வாசலில் நீங்கள் நின்றீர்கள். றோட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகளைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கி, "காதைப் பொத்துங்கோ, வாயைத் திறவுங்கோ" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொருவராக உள்ளே இறக்கினீர்கள். என்னையும் இறக்கினீர்கள். எங்கள் எல்லோருக்கும் பிறகு பெரிய ரீச்சரையும் உள்ளே விட்டதும் குழி நிறைந்துவிட்டது. உங்களுக்கு இடமில்லை. மற்றப் பதுங்குகுழி மைதானத்துக்கு அந்தப்பக்கம் இருந்தது. போக நேரமில்லாமல் நீங்கள் வாசலை மறித்தபடி மண்மூட்டையோடு ஒட்டி நின்றீர்கள். உள்ளே இருந்த எனக்கு உங்கள் கால்கள் மட்டும் தெரிந்தன. வேட்டி காற்றில் ஆடுவதுபோல அவை நடுங்கின. காற்று வீசவில்லை.

பக்கத்தில் குந்தியிருந்த மில்காரரின் மகன் என் காதுக்குள் சொன்னான். "மனேச்சற்றை காலைப் பாரடி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, அப்பா. நீங்கள் எங்களுக்கு முன்னால் நின்றதற்காகப் பெருமைப்படத் தெரியவில்லை. கால் நடுங்கியதற்காக வெட்கப்படத் தெரிந்தது. குண்டு விழுந்து கூரை மண் எங்கள்மேல் கொட்டியது. அந்தக் கால்கள் நடுங்கியபடியே நின்ற இடத்தில் நின்றன.

எல்லாம் ஓய்ந்து நாங்கள் வெளியே வந்தபோது நீங்கள் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே, வேலியோரம், சைக்கிளைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டு நின்றீர்கள். உள்ளே வந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு பார்வை பார்த்தீர்கள். நான் வந்து பாரில் ஏறினேன்.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் வாசிப்புக்கு எனக்குப் பரிசு கிடைத்தது. அம்மா முன்வரிசையில் இருந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது மதிலுக்கு மேலால் உங்கள் தலை தெரிந்தது. வாங்கோ என்று நான் ஒருமுறை கையைக் காட்டியிருந்தால் வந்திருப்பீர்கள். நான் காட்டவில்லை.

வெகுகாலத்துக்குப் பிறகு, நீங்கள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் துணிந்து கேட்டேன். "அண்டைக்கு அந்தக் கூட்டத்திலை ஏனப்பா அதைச் சொன்னனீங்கள்? பேசாமல் இருந்திருந்தால் ஊர் மறந்திருக்கும்."

உங்களுக்கு எதைக் கேட்கிறேன் என்று உடனே விளங்கியது. எத்தனையோ வருடமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"சொல்லாட்டில் அடுத்தமுறையும் ஓடியிருப்பன், பிள்ளை" என்றீர்கள். பிறகு, "இன்னும் கொஞ்சம் கஞ்சி தா" என்று கேட்டீர்கள்.

இன்றைக்கு நானும் ஒரு தாய். பெற்றோர் கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போகிறேன், பின்வரிசை வாங்கில் இருக்கிறேன், கேட்ட வேலையைச் செய்கிறேன். நல்ல பெற்றோர் என்று பெயரும் இருக்கிறது. ஆனால் மகனின் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிரமதானத்துக்குப் பெற்றோர் வராத பிள்ளைகளை அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில் பெயர் சொல்லி எழுப்பி நிற்கவைப்பார்கள். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் ஒரு சின்னப் பெண் ஒவ்வொரு முறையும் நிற்கிறாள். இன்றைக்கும் நின்றிருக்கிறாள். மகன் வந்து சொன்னான். "அவள் இப்ப அழுறேல்லை அம்மா, பழகிட்டுது."

அது பிழை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் நாளைக்கு என் பிள்ளையை எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். நேற்று நான் மண் சுமந்ததும் வாசிப்பறைக்காக இல்லை, என் பிள்ளை எழும்பி நிற்கக்கூடாது என்பதற்காக.

அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எழும்பி, முதலில் மற்றவர்களைச் சொல்லாமல், "நானும் இதைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருந்தனான்" என்று தொடங்கவேண்டும். அந்த வசனத்தை அடுப்படியில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் நின்றுவிடுகிறேன். மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.